இருநூற்றேழாம் சுத்தியல்

நவம்பர் 9, காலை 7.10
உவர்த்திட்டுக் கடல்சுவர், மதகுக் கோபுரம். தங்கல் நாள் 12.

காற்று வடகிழக்கு, மிதம். கடல்நீர் வெப்பம் 29.4. சுவருக்கு வெளியே கடல்மட்டம், ஊர்த் தெருவைவிட 1.6 மீட்டர் மேலே. உள்பக்கத்து நீரை இறைக்கும் பம்புகள் நான்கும் ஓடுகின்றன. சுவரைத் தட்டிப் பார்க்கும் சுத்தியல்கள் 450ம் ஆறு மணிச் சுற்றை முடித்தன. எல்லாம் கணீர்.

கணினியில் ஏறும் அளவீடுகள் நிதியத்துக்கும் ஆழிக்கோட்டை நிறுவனத்துக்கும் கூட்டுச் சொத்து. இந்த நோட்டு என்னுடையது. எனக்குப் பின் இந்த அறைக்கு வருபவர் படிக்கக்கூடும் என்பதால் விளக்கமாகவே எழுதுகிறேன்.

பெயர் அபயாம்பிகை. மாயவரம். வயது ஐம்பத்திரண்டு. இந்தச் சுவரின் கலவை என்னுடைய ஆய்வகத்தில் உருவானது. சிமென்ட்டோடு நுண்ணுயிர்களின் வித்துக்களையும் அவற்றுக்கான தீனியையும் சேர்த்துக் குழைப்போம். விரிசல் விட்டு நீர் புகுந்தால் வித்துக்கள் விழிக்கும், தீனியைத் தின்னும், சுண்ணாம்பைச் சுரந்து விரிசலை அடைக்கும். தன்னைத் தானே பூசிக்கொள்ளும் சுவர்.

கடலோரப் பொறியியல் நிதியம் என்கிற அரசு அமைப்பு இதற்கு மூன்று கட்டமாக உதவுகிறது. முதல் கட்டம் ஆய்வகம். இரண்டாம் கட்டம், ஒரு தொழில் நிறுவனம் பாதிப் பங்கு ஏற்றால் மட்டும், கட்டுமானம். அப்படி வந்த பங்காளிதான் ஆழிக்கோட்டை. மூன்றாம் கட்டத்தில், கலவையை உருவாக்கியவரே மழைக்காலத்தில் நாற்பத்தைந்து நாள் சுவரிலேயே தங்கி அளவெடுத்து உறுதி சொல்ல வேண்டும். அது முடிந்தால் இதே சுவர் மற்ற கடற்கரைகளுக்கும் போகும்.

இங்கே இரண்டு பேர் இருக்க வேண்டும். இரண்டாவது ஆள் ஆழிக்கோட்டையின் பொறுப்பு. அவர்கள் இன்னும் அனுப்பவில்லை.

சுவரின் முகடு ஆமை முதுகுபோல வழவழப்பு, அதில் நடக்க முடியாது. சுவருக்கும் ஊருக்கும் நடுவே காயல். பத்து நாளுக்கொரு படகு வரும். மற்ற நாட்களில் மீனவர் சங்கத்து ரேடியோதான் துணை. சங்கத்தில் ரேடியோவைப் பார்ப்பவர் அஞ்சலாட்சி, மீன் ஏலம் விடுகிற அம்மாள். தினமும் காலையில் அலை உயரம் கேட்பார்.

"டாக்டரம்மா, இன்னிக்கி கடலு எப்புடி? ஓவர்."

"ஒன்றே கால் மீட்டர் அலை. போகலாம். ஓவர்."

"சரி சரி. நீங்க சாப்டீங்களா? அந்தப் பொட்டிச் சோத்தத் தின்னுகிட்டு எத்தன நாளு இருப்பீங்க. படகு வரட்டும், கொழம்பு குடுத்தனுப்புறன். ஓவர்."

நவம்பர் 13, காலை 6.40

காலைச் சுற்றில் 207ஆம் சுத்தியலின் சுருதி இறங்கியிருக்கிறது. இருபது மீட்டருக்கு ஒன்றாக இந்தச் சுத்தியல்கள் சுவரைத் தட்டி, திரும்பிவரும் ஒலியை அளக்கின்றன. 207 இந்தக் கோபுரத்திலிருந்து கூப்பிடு தூரம். மற்ற 449ம் சரி.

கருவிக் கோளாறாக இருக்கலாம். ஸ்பிரிங் துருப்பிடித்திருக்கும். நாளை பார்க்கிறேன்.

நவம்பர் 14, பகல் 1.15

சுவருக்குள் ஓர் ஆள் குனிந்து நடக்கிற வழி இருக்கிறது, கோபுரத்துக்கு இரு பக்கமும் ஒன்றரைக் கிலோமீட்டர். கைச்சுத்தியல், விளக்கு, துளைக்கருவி மூன்றையும் எடுத்துக்கொண்டு போனேன்.

207இல் ஸ்பிரிங் நன்றாக இருந்தது. பக்கத்தில் கையால் தட்டினேன். பொத் என்றது. பழுத்த பூசணியைத் தட்டினால் வரும் ஒலி. நகர்ந்து தட்டினேன். அறுபது மீட்டருக்கு அதே ஒலி.

துளை போட்டேன். ஒரு சாண் வரை கருவி முனகிக்கொண்டே இறங்கியது. பிறகு தடையே இல்லாமல் முழங்கை வரை உள்ளே போய்விட்டது. இழுத்ததும் வெள்ளைக் கூழ் வழிந்தது. புளித்த மாவின் வாடை.

தோல் இருக்கிறது. உள்ளே சதை இல்லை.

நவம்பர் 15, காலை 9.00

நுண்நோக்கியில் பார்த்துவிட்டேன். கூழில் இருப்பவை நம் நுண்ணுயிர்கள் அல்ல. கடல் சேற்றிலிருந்து வந்தவை. விரிசலின் ஆழத்தில், காற்றில்லாத இடத்தில், நம்முடையவற்றுக்கு வைத்த தீனியை இவை தின்கின்றன. அமிலத்தைக் கழிக்கின்றன. அமிலம் சுண்ணாம்பைக் கரைக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு கீறல்கூடத் தெரியாது, ஏனென்றால் மேல்தோலை நம்முடையவை பூசிக்கொண்டே இருக்கின்றன.

இப்போது எழுத வேண்டியதை எழுதுகிறேன்.

பாளங்களைக் கடல்நீர்த் தொட்டியில் பதினெட்டு மாதம் ஊறவைத்துச் சோதிப்பதாகத்தான் முதல் கட்டத் திட்டத்தில் எழுதியிருந்தேன். பன்னிரண்டாம் மாதத்தில் நிதியத்தின் திட்ட இயக்குநர் திருவேங்கடம் தொலைபேசினார். நல்ல மனிதர். ஒவ்வொரு ஆய்வகமாக ஏறி இறங்கி, எது உருப்படும் என்று தேடுகிறவர்.

"அம்மா, மார்ச் முப்பத்தொண்ணத் தாண்டுனா ஆழிக்கோட்டை குடுத்த ஒப்புதல் கடிதம் செல்லாது. அவங்க வரலன்னா நிதியத்தோட பங்கும் வராது. அப்புறம் சுவரே கிடையாது. உவர்த்திட்டுக்கு மணல் மூட்டதான். பன்னண்டு மாசம் நல்லா நின்னுருக்குல்ல? அத வச்சு எழுதிக் குடுங்க."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அந்த வருடம் மட்டும் ஊருக்குள் நான்கு தடவை கடல் வந்திருந்தது.

என்னோடு வேலை பார்த்த ஜெபராஜ் ஒரு கடிதம் எழுதி என் மேசையில் வைத்தார். "மேடம், பதினெட்டு மாசம் பார்க்காமல் இதை வெளியே விடக் கூடாது. நான் கையெழுத்துப் போடவில்லை." நான் போட்டேன். அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார்.

இரண்டாம் கட்டம் தொடங்கியதும் ஆய்வகக் கட்டம் முடிந்ததாகக் கணக்கு. தொட்டிகளைப் பராமரிக்க எந்தக் கட்டத்திலும் இடம் ஒதுக்கவில்லை. அந்த அறையை வேறொரு திட்டத்துக்குக் கொடுத்தோம். பன்னிரண்டு பாளங்களும் கட்டட இடிபாட்டோடு லாரியில் போயின. பதினான்காம் மாதம் யாராவது ஒரு பாளத்தைத் தட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

யாராவது என்றா எழுதினேன். நான்.

நவம்பர் 16, மாலை 4.30

காலையில் அளவீடு, படங்கள், கூழின் ஆய்வு எல்லாவற்றையும் நிதியத்துக்கும் ஆழிக்கோட்டைக்கும் அனுப்பினேன். உவர்த்திட்டு மக்களை உடனே வெளியேற்றப் பரிந்துரைத்தேன்.

ஆழிக்கோட்டையின் பதில் இரண்டு மணிக்கு வந்தது. கையெழுத்திட்டவர் கூட்டாய்வுப் பிரிவின் கௌதமன்.

"தங்கள் குறிப்பு பெறப்பட்டது. கூட்டு ஒப்பந்தப்படி அளவீடுகள் இரு தரப்பின் ஒப்புதலுக்குப் பின்னரே மூன்றாம் தரப்புக்குத் தெரிவிக்கத் தக்கவை. ஒப்புதலுக்கான ஆய்வுக்காலம் இருபத்தொரு வேலை நாட்கள். அதுவரை இதன் உள்ளடக்கத்தை எவருடனும் பகிர வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறோம்."

மூன்றாம் தரப்பு யார் என்று கேட்டு எழுதினேன். மாவட்ட நிர்வாகம், ஊடகம், பொதுமக்கள் என்று பதில்.

பொத் ஒலி இப்போது 180 மீட்டர்.

நவம்பர் 18, காலை 11.20

420 மீட்டர். இரண்டு நாளில் இவ்வளவு தூரம் அரிக்க முடியாது. உள்ளே எப்போதோ அரித்து முடித்துவிட்டது. சுத்தியலுக்குக் கேட்கிற அளவுக்கு இப்போதுதான் தோல் மெலிகிறது.

அந்தமானுக்குத் தெற்கே காற்றழுத்தத் தாழ்வு.

திருவேங்கடத்தோடு குரல் இணைப்பு கிடைத்தது. அப்படியே எழுதிவைக்கிறேன்.

"சார், கலெக்டருக்கு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"சொல்லாமயா இருப்பேன்? நேத்தே பேசிட்டேன். அவர் என்ன கேக்குறாரு தெரியுமா? 'சுவர் நூறு வருசம் நிக்கும்னு சான்று குடுத்தது யாரு, அதே அம்மாதானே'ங்குறாரு. உங்க ரிப்போர்ட்டுதாம்மா அவர் மேசைல இருக்கு."

"அது தப்பு. நான்தானே சொல்றேன், அது தப்புன்னு."

"அத நீங்க மட்டும் சொல்லக் கூடாதாம். ரெண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டு வரணுமாம். காப்புச் சுவர் உள்ள ஊருன்னு உவர்த்திட்ட வெளியேற்றப் பட்டியல்லேருந்தே எடுத்தாச்சு. புயல் வந்தாலும் அங்க பஸ் போகாது. அவர் கையும் கட்டித்தான் இருக்கு."

"பதினோராயிரம் பேர் சார்."

அவர் பக்கம் காகிதம் புரளும் சத்தம்.

"எனக்கு ஒரு நாள் குடுங்க. ஆழிக்கோட்டையில பேசிப் பாக்குறேன்."

நவம்பர் 20, பகல் 12.10

700 மீட்டர். தாழ்வு வலுத்துப் புயல் சின்னமாகிவிட்டது.

திருவேங்கடத்திடமிருந்து செய்தி இல்லை. காலை 8.15க்கு முழு அறிக்கையையும் கலெக்டர் அலுவலகத்துக்கு நானே அனுப்பினேன். ஒப்பந்தத்தை மீறினேன். தெரிந்தே.

8.50க்குச் செயற்கைக்கோள் இணைப்பு போய்விட்டது. போவதற்கு முன் வந்த கடைசி வரி இது: "விதிமீறல் காரணமாகத் தரவுத் தொடர்பு தற்காலிகமாக நிறுத்தப்படுகிறது." இணைப்பு அவர்களுடையது. புயல் எச்சரிக்கையால் படகும் இல்லை.

சங்கத்து ரேடியோ மட்டும் மிச்சம்.

"அஞ்சலாட்சி, கேக்குதா? முக்கியமான விஷயம். ஓவர்."

"சொல்லுங்க டாக்டரம்மா. ஓவர்."

"சுவர் உள்ளே இத்துப்போச்சு. புயல் வந்தா நிக்காது. ஊர்ல எல்லாரையும் கிளம்பச் சொல்லுங்க. ரோட்டு மேட்டுல பழைய புயல் மண்டபம் இருக்கே, அங்க போகச் சொல்லுங்க. ஓவர்."

"என்னா சொல்றீங்க? ... செவுரு நல்லாத்தானே நிக்கிது. கண்ணால பாத்துகிட்டுத்தானே இருக்கேன். ஓவர்."

"வெளியே தெரியாது. உள்ளே கூடா இருக்கு. ஓவர்."

"மூணு வருசம் முன்னாடி நீங்கதானே எங்க கோயில் வாசல்ல நின்னு பேசுனீங்க. உங்க பேரப்புள்ளைங்க காலத்துக்கும் நிக்கும்னு சொன்னீங்களே. அத நம்பித்தானே டாக்டரம்மா கீழ்த்தெருவுல வீடு கட்டுனோம். எம் மவன் கட்டுனான், எங்க அண்ணன் மவன் கட்டுனான். இப்ப வந்து கூடுங்குறீங்க. ஓவர்."

"ஆமா. நான்தான் சொன்னேன். நான் சொன்னது தப்பு. ஓவர்."



"மண்டபத்துல இப்ப ஐஸ் கம்பெனி நடக்குது. தெறந்து வுடுவானான்னு தெரியல. கேட்டுப் பாக்குறன். ஓவர்."

நவம்பர் 21, மாலை 5.00

பன்னிரண்டு குடும்பங்கள் போயிருக்கின்றன. மற்றவர்கள் சிரித்தார்களாம். அரசாங்கம் சொல்லட்டும் என்கிறார்களாம். கோபுரத்து அம்மாவுக்குத் தனியாக இருந்து இருந்து மண்டை குழம்பிவிட்டது என்று ஆழிக்கோட்டை ஆள் ஒருவர் டீக்கடையில் சொன்னதாக அஞ்சலாட்சி சொன்னார். சொல்லிவிட்டு, "கொழம்பலதானே டாக்டரம்மா?" என்று கேட்டார். ஓவர் சொல்லவில்லை.

நவம்பர் 22, மாலை 3.30

1,100 மீட்டர். ரேடியோவில் வானிலை: புயல் 24ஆம் தேதி நண்பகல் உவர்த்திட்டுக்கு அருகே கரையைக் கடக்கும்.

கணக்குப் போட்டேன். நான்கு தடவை.

புயல் அலையில் சுவர் உடைந்தால் கடல் நான்கு மீட்டர் உயரத்துக்கு ஒரே நேரத்தில் உள்ளே விழும். கீழ்த்தெருவுக்கு ஆறு நிமிடம். பள்ளிக்கூடத் தெருவுக்குப் பதினொன்று. ஓட முடியாது.

இந்தக் கோபுரத்துக்குக் கீழே நான்கு மதகுகள் இருக்கின்றன. கடல் இறங்கும் நேரத்தில் ஊரின் மழைநீரை வெளியேவிட வைத்தவை. கடல் ஏறும் நேரத்தில் திறந்தால் தண்ணீர் எதிர்ப்பக்கம் போகும். இரண்டு மதகைப் பாதி திறந்தால் ஊருக்குள் முதல் ஒரு மணி நேரத்தில் கணுக்கால், மூன்று மணி நேரத்தில் இடுப்பு. மேட்டுக்கு நடந்து போக நேரம் இருக்கும்.

அறிக்கையைப் பார்த்து யாரும் வீட்டை விட்டுக் கிளம்புவதில்லை. தண்ணீரைப் பார்த்தால் கிளம்புவார்கள்.

வீடுகள் போகும். அரிசி போகும். உப்புநீர் ஏறிய கிணறு பத்து வருடத்துக்கு உதவாது. சுவர் உடைந்தாலும் இவையெல்லாம் போகத்தான் போகின்றன. இவற்றோடு ஆட்களும் போவார்கள்.

சுவர் உடையாமல் இருந்தால்?

கைச்சுத்தியலோடு மறுபடி உள்ளே போய் 207இல் தட்டினேன். பொத்.

நவம்பர் 23, காலை 9.05

கடல் ஏற்றம் 10.40க்கு உச்சம். மதகுச் சக்கரத்தின் பூட்டை உடைத்துவிட்டேன்.

"அஞ்சலாட்சி, பத்தரைக்கு நான் மதகைத் திறக்கப் போறேன். ஊருக்குள்ள தண்ணி வரும். மெதுவாத்தான் வரும். யாரும் ஓட வேண்டாம், நடந்து போனாப் போதும். முக்கியமா கரண்ட். டிரான்ஸ்பார்மரை இப்பவே நிறுத்தச் சொல்லுங்க. ஓவர்."

"ஐயோ, என்னா சொல்றீங்க! தெறக்காதீங்க டாக்டரம்மா! புள்ளக்குட்டி இருக்குது! தெறக்காதீங்க!"

"முதல்ல கரண்ட். லைன்மேன்கிட்ட சொல்லுங்க. ஓவர்."

9.40. லைன்மேன் மேலிடத்து உத்தரவு கேட்கிறாராம். மேல்தெருவில் நிறுத்திவிட்டார். கீழ்த்தெருவில் இன்னும் இல்லை.

10.20. அதே பதில்.

10.35. இதற்குமேல் காத்திருந்தால் கடல் இறங்கத் தொடங்கிவிடும். அடுத்த ஏற்றம் இருட்டில். இருட்டில் அவர்களை நடக்கவிட முடியாது.

10.41. இரண்டாம் மதகு பாதி திறப்பு.

10.52. மூன்றாம் மதகு பாதி திறப்பு. சக்கரம் கனம்.

நவம்பர் 23, பகல் 2.30

தொலைநோக்கியில் தெரிகிறது. ரோட்டு மேட்டை நோக்கி வரிசையாக ஆட்கள். தலையில் மூட்டை, இடுப்பில் பிள்ளை. ஆடுகள். ஒரு கட்டிலைக் கவிழ்த்து அதில் கிழவரைத் தூக்கிப்போகிறார்கள். ஐஸ் கம்பெனிக் கதவை உடைத்துத் திறந்துவிட்டார்களாம்.

கீழ்த்தெரு காலி. பள்ளிக்கூடத் தெரு காலி.

ரேடியோவில் எனக்குத் தெரியாத குரல்கள். வாயில் வராத வார்த்தையெல்லாம் சொல்லித் திட்டுகிறார்கள். திட்டட்டும். மேட்டில் நின்றுதானே திட்டுகிறார்கள்.

மதகுகளை மூடிவிட்டேன். பதினோராயிரம் பேர். நான்கு நாளில் முதல் தடவையாக உட்கார்ந்து சாப்பிட்டேன்.

நவம்பர் 24, பகல் 1.00

காற்று குறைகிறது.

புயல் அதிகாலையில் வடக்கே திரும்பிவிட்டது. கரையைத் தொடாமல் நடுக்கடலிலேயே வலுவிழந்துவிட்டதாம். இங்கே மழை மட்டும். அலை அதிகபட்சம் இரண்டரை மீட்டர்.

சுவர் நிற்கிறது.

நவம்பர் 24, மாலை 4.45

அஞ்சலாட்சி பேசினார். நான் ஒன்றும் கேட்கவில்லை, அவரே சொன்னார்.

"மூணு பேரு. கீழ்த்தெருவுல கரண்ட நிறுத்தல. எம் மருமவ தண்ணி ஏறுதேன்னு பிரிட்ஜ் பிளக்கப் புடுங்கப் போனா. தூக்கப் போன அவ அம்மாவும் போயிட்டாங்க. அடுத்த வூட்டு நாகப்பனும். எம் மவன் இப்ப ஆஸ்பத்திரி வாசல்ல ஒக்காந்துருக்கான். பேச மாட்டங்குறான்."

"அஞ்சலாட்சி..."

"கடலு வரல டாக்டரம்மா. நீங்கதான் வந்தீங்க."

அதற்குப் பிறகு அவர் அந்த அலைவரிசைக்கு வரவில்லை.

அவர் மருமகள் பெயர் எனக்குத் தெரியாது. கேட்டிருக்க வேண்டும்.

நவம்பர் 26, காலை 10.30

1,700 மீட்டர்.

இணைப்பைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று செய்திகள்.

ஒன்று, ஆழிக்கோட்டையின் பத்திரிகைக் குறிப்பு. கடல்சுவர் புயலைத் தாங்கி நின்றது, ஊருக்குள் புகுந்த நீர் தனிநபர் ஒருவரின் அத்துமீறலால் வந்தது.

இரண்டு, கூட்டாய்வுக் குழுவின் கடிதம். நவம்பர் 13க்கு முந்தைய அளவீடுகள் ஏற்கத் தக்கவை. அதற்குப் பிந்தையவை, அளவெடுத்தவரின் மனநிலை கருதியும் மதகுகள் முறையின்றி இயக்கப்பட்டது கருதியும் விலக்கப்படுகின்றன. எஞ்சிய நாட்களுக்கு ஆழிக்கோட்டையின் ஆள் வந்து தங்குவார். மூன்றாம் கட்டம் நிறைவு எனப் பரிந்துரை.

மூன்று, திருவேங்கடம். குரல் பதிவு.

"அம்மா, நான் அந்தப் பரிந்துரையில கையெழுத்துப் போடல. போட மாட்டேன்னு எழுதிக் குடுத்துட்டேன். ஆனா முப்பதாம் தேதி நான் ஓய்வு பெறுறேன். ஒண்ணாம் தேதி வர்றவரு போடுவாரு. அவரச் சொல்லிக் குத்தமில்ல. அவர் மேசைக்குப் போற கோப்புல உங்க பன்னண்டு மாச ரிப்போர்ட்டு இருக்கு, புயல்ல நின்ன சுவர் இருக்கு. வேற என்ன இருக்கு? நானா இருந்தாலும் போட்டுருப்பேன். அன்னிக்கு மார்ச் மாசம் உங்களுக்கு நான் போன் பண்ணாம இருந்துருக்கணும். அதையே நெனச்சுகிட்டு இருக்கேன்."

பரிந்துரையின் பின்னிணைப்பில் அடுத்து சுவர் கட்டப்போகும் ஊர்களின் பட்டியல். பத்தொன்பது ஊர். ஒவ்வொன்றின் பெயரையும் வாய்விட்டுப் படித்தேன். எதற்கென்று தெரியவில்லை.

நவம்பர் 27, பகல் 12.00

1,960.

ஒரு கேள்வி மூன்று நாளாகக் கூடவே இருக்கிறது. இன்று எழுதிவிடுகிறேன். மதகு திறந்த அன்று உள்பக்க நீர்மட்டம் ஒன்றரை மீட்டர் ஏறி, பம்புகள் இறைத்ததும் மறுபடி இறங்கியது. கூடான சுவருக்கு அந்த ஏற்ற இறக்கம் நல்லதல்ல. உள்ளே இருந்த கூழ் நகர்ந்திருக்கும். விரிசல்கள் இணைந்திருக்கும்.

நாளை சுவர் உடைந்தால் மதகைத் திறந்ததால்தான் உடைந்தது என்பார்கள். அது பொய் என்று என்னால் எழுத முடியவில்லை. கொஞ்சம் உண்மையாகவும் இருக்கலாம். எவ்வளவு என்று அளக்க வழியில்லை.

திறக்காமல் இருந்திருந்தால் மூன்று பேர் இருந்திருப்பார்கள். புயல் திரும்பும் என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது. அந்த மருமகளுக்கும் தெரியாது.

நவம்பர் 28, மாலை 5.15

2,150.

ஆட்கள் திரும்பி வருகிறார்கள். காலையிலிருந்து வண்டி வண்டியாக. சேற்றை வாரி வெளியே கொட்டுகிறார்கள், பாய்களைக் கூரையில் காயப்போடுகிறார்கள். கீழ்த்தெருவில் ஒரு வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள். இனி எந்தக் குரல் கிளம்பச் சொன்னாலும் கிளம்ப மாட்டார்கள். அதைச் செய்துவைத்தது நான்.

ரேடியோவில் நாள் முழுக்கக் கூப்பிட்டேன். யாராவது பேசத் தொடங்குவார்கள், என் குரலைக் கேட்டதும் நிறுத்திவிடுவார்கள். கடைசியில் ஒரு ஆண் குரல் மட்டும் நிதானமாகச் சொன்னது. "வைம்மா. போதும்."

நாளைப் பகலில் போலீஸ் படகு வருகிறது. புதிய ஆளும் அதில் வருகிறார். மதகுச் சக்கரத்தை வெல்டிங் வைத்து அடைக்கச் சொல்லி உத்தரவு. நோட்டைக் கணினியோடு வைத்தால் எடுத்துப்போய்விடுவார்கள். உள்வழியில் 207க்குப் பக்கத்தில் நான் போட்ட துளையில் சுருட்டிச் செருகப்போகிறேன். தட்டிப் பார்க்க வருபவர் கண்ணில் படும்.

நவம்பர் 29, காலை 11.10

2,340. தென்கிழக்கே புதிதாகத் தாழ்வு ஒன்று. இந்த முறை யாரும் ரேடியோவில் அதைப் பற்றிப் பேசவில்லை.

சுவரின் உள்பக்கமாகப் படகுகள் வருகின்றன. போலீஸ் இல்லை. ஊர்ப் படகுகள். இருபது இருக்கும். தோரணம் கட்டியிருக்கிறார்கள், மேளம் வைத்திருக்கிறார்கள். தேடி வருவது என்னை என்று நினைத்தேன்.

இல்லை. சுவரை.

கோபுரத்துக்கு வடக்கே படகுகளை நிறுத்திவிட்டார்கள். ஒருவர் எட்டிச் சுவரில் மஞ்சள் பூசுகிறார். பெண்கள் குங்குமம் வைக்கிறார்கள். பெரிய மாலை ஒன்றை அகலமாகப் பிடித்துச் சாத்துகிறார்கள். புயலிலிருந்து காத்ததற்குப் பூசை. குலவை சத்தம் இங்கே வரை கேட்கிறது.

முன் படகில் அஞ்சலாட்சி. வெறும் நெற்றி, அவிழ்ந்த தலைமுடி. பக்கத்தில் மகன். அவனைப் பிடித்து நிறுத்தி, சுவரைத் தொட்டுக் கும்பிடவைக்கிறார்.

சன்னலைத் திறந்து கத்தினேன். காற்று எதிர்ப்பக்கம் அடிக்கிறது. இரண்டு மூன்று பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். அஞ்சலாட்சி பார்க்கவில்லை. யாரோ ஒருத்தி குனிந்து தண்ணீரை அள்ளி என் பக்கம் இறைத்தாள்.

தேங்காயைச் சுவரில் அடித்து உடைக்கிறார்கள். ஒவ்வொன்றாக. ஒவ்வொரு அடிக்கும் சுவர் உள்ளிருந்து ஒலிக்கிறது. மேளத்தில் அவர்களுக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்கிறது.

பிள்ளைகள் சிதறிய தேங்காயைப் பொறுக்கத் தண்ணீரில் குதிக்கிறார்கள், சுவரடியிலேயே நீந்துகிறார்கள்.

11.32. தெற்கே போலீஸ் படகு. இறங்கி உள்வழிக்குப் போக வேண்டும்.

11.40. 207. விளக்கு மங்கல். துளையிலிருந்து இப்போது கூழ் வரவில்லை. தெளிந்த நீர் வருகிறது. நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு. கடல்.

மேலே ஏணியில் காலடி. பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.

நேரமில்லை. இதைப் படிப்பவர் யாராக இருந்தாலும் என் அறிக்கையைப் பார்க்க வேண்டாம், கடிதங்களைப் பார்க்க வேண்டாம், கையால் ஒரு தடவை தட்டிப் பாருங்கள். தட்டிப் பார்த்ததும் யாரிடமும் ஒப்புதல் கேட்காமல், முதலில் கரண்டை நிறுத்திவிட்டு, கீழ்த்தெருவில் இருப்பவர்களை, பிறகு பள்ளிக்கூடத் தெருவில்